தலைக்கு மேலே தெர்மாகோல்! தரையிலே வெல்டிங்! மெக்கானிக் பட்டறைகளில் நெருப்போடு விளையாட்டு

வெயிலுக்குப் பயந்து தீயை அழைக்கும் கூரைகள்

வண்டியைப் பழுது பார்க்க விடுகிறவர்கள் ஒரு தடவை தலையை நிமிர்த்திப் பார்க்கட்டும். பட்டறைக் கூரைக்கு அடியில் வெள்ளை வெளேரென்று தெர்மாகோல் அட்டைகள் வரிசையாகத் தெரிகிறதா? அதற்குக் கீழேயே கேஸ் வெல்டிங் நடக்கிறதா? அப்படியானால் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்துவது நல்லது. ஆளும் தள்ளி நிற்பது அதைவிட நல்லது.

சென்னையிலும் சுற்று வட்டாரத்திலும் சின்னச் சின்ன மெக்கானிக் பட்டறைகள் பெரும்பாலும் தகர ஷீட்டுக்கு அடியிலோ, ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டுக்கு அடியிலோதான் நடக்கின்றன. நாலு இரும்புக் கம்பம், மேலே ஷீட், முன்னாலே ஷட்டர். இவ்வளவுதான் பட்டறை. கார்த்திகை, மார்கழியில் கஷ்டம் தெரியாது. சித்திரை பிறந்தால் தெரியும் சங்கதி.

2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி வெயில் அடித்தது. நகரத்து வெயில் கணக்கில் இன்றைக்கும் அதுதான் பெயர் சொல்கிற நாள். அது நிழலில் கருவியை வைத்து எடுத்த கணக்கு. சாதாரணக் கத்திரி வெயில் நாளிலேயே, நேர் வெயிலில் கிடக்கிற ஷீட்டின் சூடு 60 டிகிரியைத் தாண்டிவிடும். கை வைத்தால் கொப்புளம்தான்.

அடுப்புக்கு அடியில் வேலை

"மேலே வெயில், கீழே இஞ்சின் சூடு, நடுவிலே நாங்க. எங்கே சார் போறது?"

எந்தப் பட்டறைக்குப் போனாலும் காதில் விழுகிற பேச்சு இது. சும்மா சொல்கிற பேச்சு இல்லை.

ஷீட் காய்ந்தால் அது ஓர் அடுப்பு மாதிரி. காற்றைச் சூடாக்குவது ஒரு பக்கம் இருக்கட்டும். இஸ்திரிப் பெட்டியைத் தலைக்கு ஓரடி மேலே பிடித்தால் காற்று வீசாமலே சூடு இறங்குகிறதே, அந்த மாதிரி ஷீட்டிலிருந்து சூடு நேராக ஆள்மேல் இறங்கும். மின்விசிறி போட்டாலும் பிரயோஜனம் குறைவு. சூடான காற்று மேலே போய்த் தங்கும்; மேலே தங்கியதை விசிறி மறுபடியும் கீழே தள்ளும். வியர்த்துக் கொட்டுகிற பையன் கையில் ஸ்பேனர் வழுக்குகிறது. மத்தியானம் இரண்டு மணிக்கு மயங்கி உட்கார்ந்தால், "என்னடா, சோம்பேறி" என்று திட்டு வேறு!

சூட்டினால் இன்னொரு தொல்லையும் உண்டு. பட்டறையில் கேனில் பெட்ரோல் இருக்கும். பாகம் கழுவ மண்ணெண்ணெய், பெயிண்டுக்குத் தின்னர். உள்ளே சூடு ஏற ஏற பெட்ரோல் ஆவி அதிகம் கிளம்பும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறக்காது. தரையோடு தவழ்ந்து, வண்டிக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கிற பள்ளத்தில் போய்த் தேங்கும். மூக்குக்குத் தெரிகிற நேரம் சில சமயம் தாமதமாகிவிடும்.

ஆகவே கூரைச் சூட்டைத் தடுக்க வேண்டும் என்று பட்டறைக்காரர் நினைப்பது தப்பே இல்லை. எதை வைத்துத் தடுக்கிறார் என்பதில்தான் வினை.

கொலு மேடைப் பொருள்

தெர்மாகோலைத் தெரியாதவர் கிடையாது. கொலு மேடைக்கு வாங்குகிறோம். கல்யாண வீட்டில் மணமக்கள் பெயரை அதில்தான் வெட்டி ஒட்டுகிறார்கள். 2017-ம் ஆண்டு வைகை அணைத் தண்ணீர் ஆவியாகாமல் தடுக்க அதை மிதக்கவிட்டு, காற்றடித்து எல்லாம் கரை ஒதுங்கிய கதையும் ஊருக்குத் தெரிந்ததுதான்!

ஆனால் சூட்டைத் தடுப்பதில் தெர்மாகோல் கெட்டிக்காரப் பொருள். அதில் நூற்றுக்கு 98 பங்கு வெறும் காற்று. சின்னச் சின்னக் குமிழிக்குள் அடைபட்ட காற்று சூட்டைச் சுலபமாகக் கடத்தாது. ஓர் அங்குலத் தெர்மாகோல் தடுக்கிற சூட்டைச் செங்கல் சுவரால் தடுக்க வேண்டுமானால், சுவர் ஏறக்குறைய ஒன்றரை அடி கனம் இருக்க வேண்டும். அதிலேதான் வந்தது மயக்கம்.

மலிவு. கனமில்லை. பிளேடால் வெட்டலாம். கூரைச் சட்டங்களுக்குக் குறுக்கே கட்டுக்கம்பியை இழுத்துக் கட்டி, அட்டைகளை மேலே பரப்பினால் ஒரே நாளில் வேலை முடிந்தது. ஆசாரி வேண்டாம், கொத்தனார் வேண்டாம். மறுநாள் பட்டறைக்குள் நுழைகிற ஓனருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

பொறி பறந்தால்?

இரும்பு உருகுவதற்கு 1500 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். கேஸ் கட்டிங்கில் தெறிக்கிற பொறி உருகிய இரும்புத் துளிதான். தெர்மாகோல் 100 டிகிரிக்குப் பக்கத்திலேயே இளகிச் சுருங்க ஆரம்பித்துவிடும். பக்கத்தில் பொறியோ சுவாலையோ இருந்தால் 350 டிகிரி அளவில் தீப்பிடித்துக்கொள்ளும்.

பிடித்த பிறகு அது மரம் மாதிரி நின்று எரிவதில்லை. உருகி, எரிகிற சொட்டுகளாகக் கீழே விழும். கீழே என்ன இருக்கிறது? எண்ணெய் ஊறின தரை, சீட் பஞ்சு, டயர், பெட்ரோல் கேன். ஓர் இடத்தில் பிடித்த தீ, சொட்டுச் சொட்டாய்ப் பத்து இடத்தில் பிடிக்கும். கூடவே கரும்புகை. நெருப்பு ஆளைத் தொடுவதற்கு முன்னாலேயே புகை ஆளைச் சாய்த்துவிடும். முன்பக்கம் ஒரே ஷட்டர் இருக்கிற பட்டறையில் பின்னால் நிற்கிற பையனின் கதி என்ன?

"பொறி கீழேதானே விழும், மேலே எப்படிப் போகும்?" என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்கூட்டருக்கு வெல்டிங் வைக்கிற இடத்தில் அந்தக் கேள்வி கொஞ்சம் செல்லும். லாரி பாடி கட்டுகிற இடத்தில் செல்லாது. பாடியின் மேல்சட்டத்துக்கு வெல்டிங் வைக்கிற ஆள் கூரைக்கு நாலடி கீழேதான் நிற்கிறார். கிரைண்டர் பொறியோ எந்தத் திசையிலும் பறக்கும். ஆட்டம் கண்ட கூரைச் சட்டத்துக்கே வெல்டிங் வைக்க நேர்ந்தால் சொல்லவே வேண்டாம்.

"தீப்பிடிக்காத ரகம்" என்று கடையில் சொல்லி விற்கிற தெர்மாகோல் உண்டு. தீயை மந்தப்படுத்தும் ரசாயனம் சேர்த்த ரகம் அது. தீக்குச்சி காட்டினால் பற்றாமல் அணையும். கடைக்காரர் காட்டுகிற வேடிக்கையும் அதுதான். கீழே பெட்ரோல் பற்றிக்கொண்டு சுவாலை மேலே அடித்தால் அந்த ரகமும் எரியும்.

விமான நிலையத்தில் 17 பேர் பலி

இது வீண் பயமுறுத்தல் என்று நினைப்பவர்களுக்கு ஜெர்மனி நாட்டில் நடந்த பயங்கரம் ஒன்று இருக்கிறது.

1996-ம் ஆண்டு ஏப்ரல் 11-ந் தேதி. டூசல்டார்ப் நகர விமான நிலையம். பயணிகள் கட்டடத்தை ஒட்டின மேல்தளச் சாலையில் வெல்டிங் வேலை நடந்துகொண்டிருந்தது. உருகிய இரும்புத் துளிகள் சாலையின் இடுக்கு வழியாகக் கீழே சிந்தின. கீழே, கட்டடத்தின் உள்கூரைக்கு மேல் இருந்த இடைவெளியில், சூடு தடுக்க வைத்திருந்தது பாலிஸ்டைரீன். தமிழில் நாம் தெர்மாகோல் என்கிறோமே, அதே இனம்!

உள்ளுக்குள்ளேயே கனன்று, கண்ணுக்குத் தெரியாமல் பரவி, பிறகு ஒரேயடியாக வெடித்துக் கிளம்பியது தீ. கட்டடம் முழுக்க நச்சுப்புகை. லிப்டில் சிக்கியவர்கள், ஓய்வறையில் சிக்கியவர்கள் மூச்சுத் திணறி மாண்டார்கள். மொத்தம் 17 உயிர். காசுக்கும் கருவிக்கும் பஞ்சமில்லாத நாட்டு விமான நிலையத்தில் நடந்தது இது.

பட்டறைக்கும் விமான நிலையத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் கூரைக்கும் அட்டைக்கும் நடுவே இருக்கிற அந்த ஓரடிச் சந்து இரண்டிலும் ஒன்றேதான். தீ அதற்குள் புகுந்தால் கீழே நிற்பவருக்குத் தெரியாது. இந்த மூலையில் பிடித்தது அந்த மூலையில் போய் எட்டிப் பார்க்கும்.

ஒயரைக் கெடுக்கும் அட்டை

பலருக்குத் தெரியாத இன்னொரு சங்கதி. மின்சார ஒயரின் மேலுறை பி.வி.சி. பிளாஸ்டிக்கால் ஆனது. அது வளைந்து கொடுப்பதற்காக அதில் ஒருவகை எண்ணெய்ப் பொருள் கலந்திருப்பார்கள். தெர்மாகோல் மேலே ஒயர் உரசிக்கொண்டு கிடந்தால், அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாகத் தெர்மாகோலுக்குள் இறங்கிவிடும். அட்டை அந்த இடத்தில் கரைந்து குழி விழும். ஒயரின் உறையோ விறைத்துப் போய் வெடிக்கும். வெடித்தால் உள்ளே இருக்கிற செம்பு வெளியே தெரியும். மேற்கொண்டு எலி, அணில் வேறு குடியேறிப் பல்லைத் தீட்டும். அட்டைக்கு மேலே நடப்பது எதுவும் கீழே நிற்பவர் கண்ணில் படாது!

கும்பகோணம் மறந்துபோச்சா?

2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடம் எரிந்து 94 பிஞ்சுகள் கருகின. சமையல் அறையில் பிடித்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவியது. அதே ஆண்டு ஜனவரியில் ஸ்ரீரங்கத்தில் கல்யாண மண்டபத்துப் பந்தல் பற்றி, மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல் மாண்டார்கள். அங்கேயும் கீற்றுதான்.

அதற்குப் பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றுக் கூரையைப் பிரிக்க உத்தரவு போட்டார்கள். பிரித்தார்கள். ஜனங்கள் மனதிலும் ஒன்று பதிந்துவிட்டது: கீற்று எரியும், ஷீட் எரியாது. ஷீட் எரியாது, வாஸ்தவம். அதன் அடியில் கட்டின அட்டை எரியுமே! வெள்ளையாய், வழவழப்பாய், ஆபீஸ் மாதிரி அழகாய் இருப்பதால் அதைப் பார்த்து யாருக்கும் பயம் வருவதில்லை. கீற்றுக்காவது எரியும் என்கிற நல்ல பெயர் இருக்கிறது.

தொழிற்சாலைச் சட்டமெல்லாம் ஆள் கணக்குப் பார்த்துத்தான் வரும். மூணு பேர், நாலு பேர் வேலை செய்கிற பட்டறை அந்தக் கணக்கில் அடங்காது. இடத்துக்காரர் கூரைக்குச் செலவு செய்ய மாட்டார். வாடகைக்காரர் அடுத்தவன் இடத்தில் பணத்தைப் போட மாட்டார். இரண்டு பேருக்கும் நடுவில் மலிவாக வந்து உட்கார்ந்துகொள்கிறது தெர்மாகோல். "என்னண்ணே, மேலே வெள்ளையாப் போட்டிருக்கே, ஏ.சி.யா?" என்று வாடிக்கைக்காரர் கேட்டால் ஓனருக்குப் பெருமை வேறு.

மேலே ஏறும் முன்

கூரையில் எந்த வேலை செய்வதாக இருந்தாலும் முதலில் அது தகரமா, ஆஸ்பெஸ்டாஸா என்று பார்க்க வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் என்பது கல் நார். அதைச் சிமெண்டில் கலந்து செய்த ஷீட்டைத் துளை போட்டாலோ, அறுத்தாலோ, உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்த்தூசி கிளம்பும். மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலில் தங்கி, இருபது முப்பது வருஷம் கழித்துப் புற்றுநோயாக வந்து நிற்கலாம். எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோய் தருவதே என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிவு. ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகள் தடை போட்டுவிட்டன. நம் நாட்டில் 1986-ல் புதுச் சுரங்க உரிமம் கொடுப்பதை நிறுத்தினார்கள். ஆனால் வெளிநாட்டிலிருந்து கல் நார் வாங்கி ஷீட் செய்வது நிற்கவில்லை.

ஆகவே ஆஸ்பெஸ்டாசில் கொக்கி மாட்டத் துளை போடுவது, காற்றுக்கு என்று உடைப்பது, இதெல்லாம் கூடாத காரியம். தவிர்க்க முடியாது என்றால் தண்ணீர் தெளித்து நனைத்த பிறகு, நல்ல முகமூடி போட்டுக்கொண்டு செய்ய வேண்டும். விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத் துணியால் துடைத்து எடுக்க வேண்டும்.

இன்னொன்று. பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் ஆள் கனம் தாங்காது. மேலே கால் வைத்தவர் ஷீட்டோடு உள்ளே விழுகிறார். ஏறியே ஆக வேண்டுமென்றால், கீழே இருக்கிற குறுக்குச் சட்டங்கள் தாங்கும்படி நீளப் பலகை போட்டு அதன்மேல்தான் போக வேண்டும்.

சுண்ணாம்பு செய்கிற வேலை

சரி, வெயிலுக்கு என்னதான் வழி? முதல் வழி மேலே இருக்கிறது, உள்ளே இல்லை. சூடு ஷீட்டுக்குள் இறங்கிய பிறகு அதோடு மல்லுக்கட்டுவதைவிட, இறங்கவிடாமல் திருப்பி அனுப்புவது புத்திசாலித்தனம். வெள்ளைக் கூரை வெயிலில் பெரும்பங்கைத் திருப்பி அடித்துவிடும். மாசி, பங்குனியில் ஷீட்டை நன்றாகக் கழுவி, பசை கலந்த சுண்ணாம்பை இரண்டு தடவை பூசினால் வித்தியாசம் உடம்புக்கே தெரியும். உள்ளே இரண்டு மூன்று டிகிரி குறைந்தாலே வேலை செய்பவனுக்கு அது பெரிய உதவி. மழையில் சுண்ணாம்பு கரைந்துவிடும், வருஷா வருஷம் பூச வேண்டும். கையில் காசு இருந்தால் கூரைக்கென்றே விற்கிற வெள்ளைப் பெயிண்டை அடிக்கலாம், சில வருஷம் நிற்கும். ஆமதாபாத் நகரம் 2013-லேயே வெயில் தடுப்புத் திட்டம் போட்டது. பிறகு குடிசைப் பகுதிக் கூரைகளுக்கு வெள்ளை பூசும் வேலையிலும் இறங்கியது. தெலுங்கானா அரசு 2023-ல் இதற்கென்று கொள்கையே அறிவித்தது. தமிழ்நாட்டிலும் 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடர் என்று அறிவித்திருக்கிறார்கள்.

அடுத்தது காற்று. கூரை உச்சியில் சூடு வெளியேற வழி இருக்க வேண்டும். தகரக் கூரையானால் உச்சியில் சுழலுகிற உருண்டைக் காற்றாடி வைக்கலாம். கரண்ட் செலவு கிடையாது. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரையைத் தொடாமல், சுவரின் மேல்பக்கம் இரண்டு எதிர்ப்புறங்களிலும் திறப்பு வைக்க வேண்டும்.

இவ்வளவும் செய்த பிறகும் உள்ளே ஒரு தடுப்பு வேண்டும் என்று தோன்றினால், தெர்மாகோலுக்குப் பதில் ராக் வுல் இருக்கிறது. கல்லை உருக்கிப் பஞ்சு மாதிரி இழுத்தது. அது எரியாது, 1000 டிகிரி சூட்டையும் தாங்கும். கம்பி வலை அடித்து அதன்மேல் பரப்ப வேண்டும். வேலை செய்யும்போது அரிக்கும். முழுக்கைச் சட்டை, கையுறை, முகமூடி அவசியம். விலை தெர்மாகோலைவிடக் கூடுதல்தான். பட்டறை முழுக்கப் போட முடியாவிட்டால், ஆட்கள் நின்று வேலை செய்கிற இடத்துக்கு மேலே மட்டும் போடலாம்.

ஒரு ஜாக்கிரதை. மார்கழி இரவில் தகரம் சீக்கிரம் குளிர்ந்து, அடிப்புறம் வியர்த்துச் சொட்டும். குளிர் நாடுகளில் கார் ஷெட் கூரைக்குப் பஞ்சு வைப்பவர்களுக்கும் இதே தலைவலிதான். அங்கே வெளிக்குளிரைத் தடுக்கப் போய், தேங்கின ஈரத்தில் கூரை மரம் உளுத்துப்போகிறது. நனைந்த ராக் வுல் சூட்டைத் தடுக்காது. தகரமும் துரு ஏறும். ஆகவே ஷீட்டோடு ஒட்ட வைக்காமல் நடுவே இடைவெளி விட்டு, அதில் காற்றுப் போக வழியும் விட வேண்டும்.

ஏற்கெனவே போட்டவர்கள்?

இன்றே முழுசாகப் பிரிக்க முடியாதவர்கள், வெல்டிங் வைக்கிற இடத்துக்கு மேலே இருக்கிற அட்டைகளையாவது முதலில் எடுக்கட்டும். அதைவிடச் சுலபம், வெல்டிங்கையும் கேஸ் கட்டிங்கையும் கூரைக்கு வெளியே திறந்த வெளிக்குக் கொண்டுபோவது. பெட்ரோல் கேனும் தின்னர் டப்பாவும் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. கூரை ஒயர்களை இரும்புக் குழாய்க்குள் விட வேண்டும். இரண்டு வாளி மணலும், எண்ணெய்த் தீயை அணைக்கிற ரக அணைப்பானும் ஷட்டர் பக்கம் கைக்கு எட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். பின்மூலையில் பழைய டயருக்கு அடியில் அல்ல. வெல்டிங் முடிந்ததும் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிட்டு ஓடாமல், ஒரு மணி நேரமாவது ஓர் ஆள் இருந்து மேலேயும் கீழேயும் பார்க்க வேண்டும். உள்ளே புகைந்துகொண்டிருக்கிற பொறி கண் விழிக்க அவ்வளவு நேரம் பிடிக்கும். ராத்திரி பட்டறைக்குள்ளே பையன்களைப் படுக்க வைத்து வெளியே பூட்டுகிற வழக்கம் எங்காவது இருந்தால், அதை இன்றைக்கே நிறுத்த வேண்டும்.

தீயணைப்பு நிலையத்துக்கு 101. பட்டறைச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே பெரிசாய் எழுதி வைக்கலாம்.

பிரித்தெடுத்த தெர்மாகோலை "தொல்லை விட்டது" என்று தெருமுனையில் குவித்துக் கொளுத்துவதும் வேண்டாம். அந்தப் புகை பக்கத்து வீட்டுக் குழந்தையின் மூக்கில்தான் போய் ஏறும். கட்டாகக் கட்டி மாநகராட்சிக் குப்பை வண்டியில் பிளாஸ்டிக் குப்பையோடு சேர்த்துக் கொடுத்துவிட வேண்டும்.